ஒப்பந்தத்தில் இல்லாதது

க்ல்தானியில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக்
காசு போட்டால்தான் காது கேட்கும்.
ஏறப் பத்து தெத்ரி, இறங்கவும் பத்து.
அந்தக் காசுப்பெட்டியைத்தான் கம்பியால் நெம்பி
எடுத்துப் போனான்.
கூடவே அறுந்து வந்தது ஏதோ ஒரு வயர்.

பதினொரு நாள்.
எட்டாவது மாடியில் ஒற்றைக் காலோடு
என் அவ்தாந்தில்.
ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது.
நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினார்கள்.
ஆறாம் மாடித் திருப்பத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
பயத்தில் அல்ல.

உள்ளே தள்ளுங்கள் என்றேன் போலீஸிடம்.
சமையலறை ஜன்னலைத் திறந்தால்
சிறைச்சாலை விளக்குகள் தெரிகிற வீடு எங்களுடையது.
வண்டிகூட வேண்டாம்,
நடத்தியே கூட்டிப் போகலாம் என்றேன்.

அவர்களோ ஒரு மேஜைக்கு அழைத்தார்கள்.
பதினைந்து வயதாம். தோர்னிகே.
நகத்தைக் கடித்துக் கடித்து
விரல்நுனியெல்லாம் செக்கச் சிவப்பு.
பக்கத்தில் அவன் அம்மா,
மடியில் இருந்த கைப்பையை
யாரோ பிடுங்க வருவதுபோல் பிடித்திருந்தாள்.
அரசு வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார்.
சமரசம் பேச வந்த எத்தேரி
என் பக்கம் திரும்பி,
உங்களுக்கு என்ன வேண்டும், என்றாள்.

அது நான் கேட்கிற கேள்வி,
ரொட்டிக்கடை ஜன்னலில், விடிகாலை ஐந்து மணிக்கு.
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

சொல்லத் தயாராக வைத்திருந்தது
தொண்டையிலேயே நின்றுவிட்டது.
என் தம்பி பதினேழில் உள்ளே போனவன்.
திரும்பி வந்தவன் இன்றுவரை
கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.
சாப்பாட்டைத் தட்டோடு அணைத்துக்கொண்டு தின்பான்.
அவனுக்கு இப்போது நாற்பத்தொன்று.

ஒப்பந்தம் எழுதினோம்.
பள்ளிக்கு ஒழுங்காகப் போகவேண்டும்.
மூவாயிரத்து எழுநூறு தெத்ரியைச்
சிறுகச் சிறுகக் கட்டவேண்டும்.
ஆறு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும்
அவ்தாந்திலைக் கீழே கூட்டிப்போய்
நாற்காலியைத் தள்ளவேண்டும், அவர் போதும் என்னும்வரை.
கடைசி வரி என்னுடையது:
எட்டு மாடியும் படியில்தான்,
ஏறினாலும் இறங்கினாலும்.
எத்தேரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
அவன் தலையாட்டினான். எழுதினாள்.

முதல் சனி, மூச்சு வாங்க வந்தான். பேசவில்லை.
இரண்டாம் சனி, மழை.
பிளாஸ்டிக் பையை வெட்டி
அவர் மடியில் போர்த்தியிருந்தான்.
மூன்றாம் சனி வரவில்லை.

இருட்டும்வரை பார்த்தேன்.
வராவிட்டால் ஒரு போன் செய்தால் போதும்,
மேஜை மடங்கிவிடும், நீதிமன்றம் திறந்துவிடும்.
எண்ணை அழுத்தினேன், கடைசி இலக்கம் தவிர.
ஜன்னலுக்கு வெளியே அந்த விளக்குகள்.
பொறு, சியாலா, என்றார் அவ்தாந்தில்.
என்ன பொறு? கால் இல்லாதவர் நீங்கள்,
கோபம் மட்டும் எனக்கா, என்று கத்தினேன்.
போனை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.

ஞாயிறு காலை வாசலில் நின்றான்,
உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி.
பெட்டிக் காசைப் பங்கு போட்டவர்கள்
பெயரைச் சொல்லிவிட்டாயா என்று கேட்டு அடித்தார்களாம்.
சொல்லவில்லை என்றான்.
அது நல்லதா கெட்டதா,
எனக்கு இன்னும் தெரியாது.

ஐஸ் கொடுத்தேன்.
மன்னித்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.
வீங்கிய கண்ணுக்கு ஐஸ், அவ்வளவுதான்.

பிறகு நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினான்.
நானும் ஏறினேன். இடம் இருந்தது.
நீயும் வா, இன்றைக்கு மட்டும், என்றேன்.
ஒப்பந்தத்தில் இல்லை, என்றான்.

காசு விழுந்தது. கதவு மூடியது.
இறங்க இறங்க, சுவருக்கு அந்தப் பக்கம்
அவன் காலடி,
எங்களைச் சுற்றிச் சுற்றி
எங்கள் வேகத்திலேயே
இறங்கிக்கொண்டிருந்தது.